பேராசிரியர் விழுங்கிய திருநீறு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகும் பஸ், பளிங்குமலைத் தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் நின்றதும் பாதி காலியாகிவிடும். இறங்குகிறவர்களின் கையில் தேங்காய் இருக்கும், எலுமிச்சம்பழம் இருக்கும், காலைக் கட்டிய சேவல் இருக்கும். சிலர் கையைக் கட்டிய தம்பியையோ மருமகளையோ பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். எல்லோரும் போவது ஒரே இடத்துக்கு. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவம் ஒன்று அந்தத் தோட்டத்தின் மேற்பிரிவில் இருந்தது. அது மூடப்பட்டபின் அங்கே திருநீற்றுச் சாமி வந்து உட்கார்ந்தார். இப்போது அங்கே பெரியவர்களைக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

சாமியின் வைத்தியத்தில் சிக்கல் எதுவும் கிடையாது. கண்ணை மூடுவார். உறுமுவார். பிடித்திருக்கும் பேயின் பெயரைச் சொல்வார். பிறகு செய்தித்தாளில் மடித்த திருநீற்றுப் பொட்டலங்களைக் கொடுப்பார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும். பேய் போகும், செய்வினை போகும், செத்தும் கனவில் வந்து திட்டுகிற மாமியார் திட்டுவதை நிறுத்துவார். நமுனுகுலப் பக்கத்தில் காணாமற்போன ஒரு பசுமாடுகூடச் சாமியின் திருநீற்றால் வீடு திரும்பியதாகச் சொன்னார்கள். அந்தத் திருநீற்றைத் தின்றது மாடா, மாட்டுக்காரரா என்று யாரும் விசாரிக்கவில்லை.

சந்தேகப்படுகிற ஒன்றிரண்டு பேர் எங்கும் இருப்பார்கள். அவர்களுக்காகச் சாமி சுவரில் ஒரு மருந்து மாட்டியிருந்தார். பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள் நான்கு பக்க ஆங்கிலக் கட்டுரை. அதற்குச் சந்தனப் பொட்டு, கதம்ப மாலை. "லண்டன் புஸ்தகத்துல சாமியப் பத்தி பெரிய டாக்டரு எழுதியிருக்காரு" என்று வாசலில் நிற்பவர் சொல்வார். வந்தவர்கள் கட்டுரையைக் கும்பிடுவார்கள். படிக்கத் தெரியாதவர்கள் படிக்கவில்லை. படிக்கத் தெரிந்தவர்களும் படிக்கவில்லை. எழுதியவரே அதை இன்னும் கொஞ்சம் கவனமாகப் படித்திருக்கலாம்.

எழுதியவர் பேராசிரியர் குமாரசிங்கம். இந்தக் கதையில் எல்லோரையும்விட அதிகம் ஏமாந்தவர் அவர்தான். மற்றவர்கள் ஒரு சேவலோடு தப்பினார்கள். அவர் இருபது வருடப் படிப்பைக் கொண்டுபோய்க் காணிக்கை வைத்தார். இதை அவரே இப்போது வகுப்பில் சொல்லிச் சிரிப்பதால், நாம் சிரிப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

குமாரசிங்கம் கரவெட்டியில் பிறந்தவர். மருத்துவம் படித்து முடித்ததும் முதல் நியமனம் பதுளையில் கிடைத்தது. அங்கே ஒரு தோட்டத்துத் தாய் வந்து, "நெஞ்சுல அம்மிக்கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்குங்க" என்றார். இளம் டாக்டர் இருதயத்தைச் சோதித்தார், ஒன்றுமில்லை என்று அனுப்பினார். அந்தத் தாய் மூன்றாம் முறையும் வந்தபோதுதான் உட்காரவைத்துக் கேட்டார். கொழும்பில் கடை வேலைக்குப் போன மகனிடமிருந்து ஒரு வருடமாகச் செய்தி இல்லை. அன்றைக்கு அவருக்கு ஒரு விஷயம் விளங்கியது. மனசுக்கு வருகிற நோயை ஒவ்வொரு ஊரும் தன் பாஷையில்தான் சொல்லும். கேட்கிறவனுக்கு அந்தப் பாஷை தெரிந்திருக்க வேண்டும்.

நல்ல கண்டுபிடிப்பு. அத்தோடு அவர் அங்கேயே இருந்து கேட்டுக்கொண்டிருந்தால் நல்ல டாக்டராக ஓய்வுபெற்றிருப்பார். ஆனால் கண்டுபிடிப்பைப் பெட்டியில் வைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அது அங்கே பட்டமாகியது. பட்டம் விரிவுரையாகியது, விரிவுரை புத்தகமாகியது, புத்தகம் பேராசிரியர் பதவியாகியது. 'பண்பாடும் மனநலமும்' என்பது அவருடைய துறையின் பெயர். வெளிநாட்டு மாநாடுகளில் மேடையேறி "எங்கள் மக்கள்" என்று தொடங்குவார். அந்த மக்களுக்குத் தாங்கள் அவருடைய மக்கள் என்பது தெரியாது. பதவியில் ஒரு படி ஏறும்போதெல்லாம் அவர் பார்க்கிற நோயாளிகள் பாதியாகக் குறைந்தார்கள். உச்சிப் படியில் கால் வைத்தபோது ஒருவரும் மிஞ்சவில்லை. எல்லோரும் தகவலாளிகள் ஆகியிருந்தார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவர் பளிங்குமலைக்கு ஆராய்ச்சிக்கு வந்தார். கூடவே ஆர்த்திகா என்ற இளம் டாக்டர், அவருடைய ஆராய்ச்சி உதவியாளர். நாற்பத்தேழு பேரிடம் அறுபத்திரண்டு கேள்விகள் கேட்டார்கள். பேயை அனுப்பியது யார், எந்தத் திசையிலிருந்து, திருநீறு உங்களுக்கு எதை நினைவூட்டுகிறது, வெண்மை எதன் அடையாளம். கிட்டத்தட்ட முப்பது பேருக்கு நன்றாகத் தூக்கம் வந்திருந்தது. காதில் கேட்ட குரல்கள் அடங்கியிருந்தன. கோபம் தணிந்திருந்தது. பேராசிரியர் பூரித்துப்போனார். மாத்திரை இல்லாமல் பண்பாடே நோயைக் குணப்படுத்துகிறது என்று இருபது வருடமாகச் சொல்லிவந்ததற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது.

ஆர்த்திகா மட்டும் ஒரு நாள் கேட்டார்: "சேர், அந்தத் திருநீற்றிலை கொஞ்சத்தை ஒருக்காச் சோதனைக்கு அனுப்பிப் பாப்பமோ?"

"சாம்பலைச் சோதிக்கிறது பண்பாட்டை அவமதிக்கிறதுக்குச் சமன், பிள்ளை. சாம்பல் ஒரு குறியீடு."

அந்த வசனம் அவருக்கே மிகவும் பிடித்துப்போய், கட்டுரையின் முதல் பக்கத்தில் அதைப் போட்டார். அறுபத்திரண்டு கேள்விகளில், பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி இல்லை.

கட்டுரை அச்சானது. சாமி சட்டம் போட்டார். கூட்டம் இரண்டு மடங்கானது. பேராசிரியரோ அடுத்த படிக்குத் தயாரானார். பிள்ளைமடுவத்தைப் 'பண்பாட்டுச் சிகிச்சை நிலையம்' என்று அறிவித்து, சாமிக்கு ஒரு சான்றிதழும் கொடுப்பது என்று ஏற்பாடு. அதன்பிறகு சுற்றுவட்டாரத்து நோயாளிகளைத் துண்டுச்சீட்டு எழுதிச் சாமியிடம் அனுப்பலாம். விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய வியாழக்கிழமை பதுளையில் ஒரு மண்டபத்தில் கருத்தரங்கு வைத்தார்.

கருத்தரங்கு முடிந்து தேநீர் நேரத்தில் ஒரு பெண் நேராக அவரிடம் வந்தார். நாற்பது வயது இருக்கும். பெயர் பாக்கியலெட்சுமி. பளிங்குமலையில் கொழுந்து பறிக்கிறவர். அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"சார், நீங்க புஸ்தகத்துல எழுதுன சாமி குடுக்குறது வெறும் திருநீறு இல்லிங்க. உள்ள மாத்திர அரைச்சுப் போடுறாரு."

பேராசிரியர் புன்னகைத்தார். "ஏன் அப்பிடி நினைக்கிறியள்?"

"நெனைக்கலைங்க, பாத்தேன். என் தம்பி ரமேசு அஞ்சு வருசமா கிளினிக் மாத்திர சாப்புடுறான். காதுல யாரோ பேசுறாங்கன்னு ஓடிக்கிட்டிருந்தவன், மாத்திரையில நல்லாகி ஹாலிஎலயில ஒரு ஹாட்வெயார் கடையில வேலைக்கும் போனான். ஆரம்பத்துல ஒரு தடவ மாத்திரைய கூட்டிக் குடுத்தப்ப அவனுக்குக் கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. கண்ணு மேல சொருகிக்கிச்சு. டாக்டரு மாத்திரைய கொறைச்சு, இழுப்புக்கு வேற மாத்திர குடுத்ததும் சரியாப்போச்சு. இப்ப மூணு மாசமா சித்தப்பா வீட்டுல சாமிகிட்ட கூட்டிப்போறாங்க. அதே இழுப்பு திரும்ப வந்திருச்சு."

"அது வேற காரணமாயும் இருக்கலாம்."

"எங்க லயத்து வீட்டு வரிசையில சாமிகிட்ட போற இன்னும் நாலு பேருக்கும் கை நடுங்குதுங்க. பொம்ம மாதிரி நடக்குறாங்க. நாலு பேருக்கும் நாலு பேயின்னு சாமி சொல்றாரு. நாலு பேயும் ஒண்ணு மாதிரியே நடக்குமாங்க?"

இந்த இடத்தில் எந்த மருத்துவரும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். குமாரசிங்கம் பேனாவை எடுத்தார். 'நவீன மருந்தின்மீது உள்ள அச்சம் மரபுச் சிகிச்சையின்மீது ஏற்றிச் சொல்லப்படுகிறது' என்று குறிப்பேட்டில் எழுதினார். நல்ல கையெழுத்து.

"எழுதாதீங்க சார். கேளுங்க. கிளினிக் மாத்திரையும் உள்ள போகுது, இவரு மாத்திரையும் உள்ள போகுது. இப்ப கஞ்சிகூட எறங்க மாட்டேங்குது அவனுக்கு. நேத்துல இருந்து சாமிகிட்டயே தங்க வச்சிட்டாங்க. நான் போனா, ஒனக்கும் பேய் புடிச்சிருக்குன்னு வெரட்டுறாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா விடுவாங்க. ஒங்க படிப்பத்தானே செவுத்துல மாட்டி வச்சிருக்காங்க."

பக்கத்தில் நின்ற ஆர்த்திகா, "சேர், இண்டைக்கே போய்ப் பாப்பம்" என்றார்.

"ஞாயிற்றுக்கிழமை எப்பிடியும் போறம்தானே. இப்ப போய்ச் சந்தேகப்பட்டால் சாமியின்ர நம்பிக்கை உடைஞ்சுபோகும்." பிறகு பாக்கியலெட்சுமியிடம் திரும்பினார். "அம்மா, நான் நாற்பத்தேழு பேரை ஆராய்ஞ்சனான். ஒருத்தருக்கும் ஒரு பாதிப்பும் இல்லை."

"நாப்பத்தேழு பேத்துக்கிட்ட கேட்டீங்க. நீங்க தின்னு பாத்தீங்களா?"

பாக்கியலெட்சுமி பையிலிருந்து ஆறு பொட்டலங்களை எடுத்துத் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். தம்பிக்குக் கொடுக்காமல் ஒளித்து வைத்தவை.

"நாளையில இருந்து காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு சாப்புடுங்க. திருநீறுதானே. ஒண்ணும் செய்யாதில்ல. ஞாயித்துக்கெழம வந்து ஒடம்பு எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

இவ்வளவு மலிவான பரிசோதனை ஒன்றை அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கண்டதில்லை. ஆனால் அவர் ஒப்புக்கொண்டது பரிசோதனைக்காக அல்ல. 'பங்கேற்று அவதானித்தல்' என்று ஒரு ஆராய்ச்சி முறை உண்டு. அதில் அடுத்த கட்டுரை கிடைக்கும். மண்டபத்தை விட்டு இறங்குவதற்குள் தலைப்பும் தயாராகிவிட்டது.

வெள்ளிக்கிழமை இரண்டு பொட்டலம் விழுங்கினார். பின்னேரம் ஐந்து மணிக்கே தூங்கிப்போனார். எழுந்து குறிப்பேட்டில் எழுதினார்: 'ஆழ்ந்த அமைதி. மரபு என்னைத் தாலாட்டுகிறது.' சனிக்கிழமை இன்னும் இரண்டு. அன்று மத்தியானத்திலிருந்து அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பதுளையில் தங்கியிருந்த விடுதியின் வராந்தாவில் மேலும் கீழுமாக நடந்தார். உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. எழுதினார்: 'உடலுக்குள் ஒரு ஆன்மிக உந்துதல்.' மூன்றாம் வருட மாணவன் அவரை அந்த நிலையில் பார்த்திருந்தால், இது எந்த மருந்தின் பக்கவிளைவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பான். அதை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே இவர்தான். பாடம் மாணவர்களுக்குத்தானே, தனக்கில்லையே. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தாவது பொட்டலத்தையும் விழுங்கிவிட்டு, ஆறாவதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆர்த்திகாவுடன் வான் வண்டியில் ஏறினார்.

பிள்ளைமடுவத்தின் முன்னால் பந்தல், ஒலிபெருக்கி, வாழைமரம். ஐந்நூறு பேருக்குக் குறையாது. சாமி காவியில் இருந்தார். மேடையில் அவருக்கு வலப்பக்கம் பேராசிரியர். இடப்பக்கம், குணமானவர்களுக்கு உதாரணமாக, ரமேஸ். வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் பட்டை பூசி, நாற்காலியில் வைத்திருந்தார்கள். ஆடாமல் அசையாமல் இருந்தான்.

"ஓடிக்கிட்டே இருந்த பய. இப்ப பாருங்க, எவ்வளவு அடக்கமா ஒக்காந்திருக்கான்" என்றார் சாமி. கூட்டம் கை தட்டியது. அடக்கமாக இருந்தவனின் வாயோரம் எச்சில் வடிந்துகொண்டிருந்தது. கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற பாக்கியலெட்சுமி அதைப் பார்த்தார். பேராசிரியர் தன் உரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழைத்தார்கள். எழுந்தார். ஒலிவாங்கியைப் பிடித்து, "எங்கள் மக்கள்" என்றார்.

அத்தோடு அவருடைய கழுத்து இடது பக்கமாகத் திரும்பியது.

அவர் திருப்பவில்லை. அதுவே திரும்பியது. கூட்டத்தைப் பார்க்க முயன்றார், சாமியைத்தான் பார்க்க முடிந்தது. கண்கள் மேலே ஏறிப் பந்தல் துணியில் நின்றன. நாக்கு வெளியே வந்து உள்ளே போக மறுத்தது. இருபது வருட மேடை அனுபவத்தில் இப்படி ஒரு தொடக்கவுரை அவருக்கு அமைந்ததில்லை.

சாமியின் முகம் ஒரு கணம் வெளுத்தது. இது என்ன என்று அந்தப் பந்தலில் முதலில் தெரிந்துகொண்டவர் அவர்தான். ஆனால் தொழில் தெரிந்தவர். அடுத்த கணமே வேப்பிலைக் கொத்தை எடுத்துவிட்டார்.

"பாத்தீங்களா. ரமேசுகிட்ட இருந்து எறங்குன பேய் பெரியவர் மேல ஏறிருச்சு. யாரும் கிட்ட வராதீங்க." பேராசிரியரின் தோளில் வேப்பிலையால் ஓங்கி ஒன்று வைத்தார். "யாரு நீ? சொல்லு."

நான் பேராசிரியர் என்று சொல்லத்தான் அவர் முயன்றார். நாக்கு ஒத்துழைக்கவில்லை.

"பே..." என்றார். "பே... பே..."

"பேயின்னு அதுவே ஒத்துக்கிருச்சுங்க" என்றது கூட்டம்.

வேப்பிலை இன்னும் நாலைந்து முறை இறங்கியது. ஆர்த்திகா மேடைக்கு ஓடி நடுவில் நின்றுகொண்டார். "அடிக்காதேங்கோ. இது மருந்தின்ர வேலை. இவரை உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்." அதற்குள் பாக்கியலெட்சுமியும் மேடையேறிவிட்டார். சேலை முந்தானையின் முடிச்சை அவிழ்த்து இரண்டு சின்ன வெள்ளை மாத்திரைகளை எடுத்து ஆர்த்திகாவிடம் காட்டினார்.

"அன்னைக்கு தம்பிக்குக் கழுத்து இழுத்தப்ப கிளினிக்ல குடுத்தது. சரிங்களா, டாக்டரம்மா?"

ஆர்த்திகா பார்த்தார். "சரிதான். இதுதான் வேணும். இதைக் குடுத்திட்டே கூட்டிக்கொண்டு போவம்."

பாக்கியலெட்சுமி ஒலிவாங்கியை எடுத்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணியோடு மல்லுக்கட்டிப் பழகிய குரல். கருவி இல்லாமலே கேட்டிருக்கும்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்றேன். சாமி இப்ப வேப்பெலையக் கீழ போடட்டும். மந்திரம் சொல்ல வேணாம், தண்ணி தெளிக்க வேணாம். சாருக்கு ஒரு மாத்திர, என் தம்பிக்கு ஒரு மாத்திர குடுக்குறோம். வானு திரும்பி நிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் இப்படியே ஒக்காரட்டும். பேயாயிருந்தா மாத்திரைக்குப் பயப்படாது. மாத்திரைக்குக் கழுத்து நேராச்சுன்னா, கழுத்த இழுத்ததும் மாத்திரதான்."

சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அம்மா சொல்றது ஞாயந்தானே, பாத்துருவோம்" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார். பேயை நம்பி வந்த கூட்டம்தான். ஆனாலும் பந்தயம் என்றதும் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஆர்த்திகா இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்காரவைத்து ஆளுக்கொரு மாத்திரை கொடுத்தார்.

வான் வரும் பாதையில் சேறு. ஓட்டுநர் கீழே போய் வண்டியைத் திருப்பி மேலே கொண்டுவர அரைமணி நேரத்துக்கு மேலானது. அந்த அரைமணியும் பேராசிரியர் நாற்காலியில் இருந்தார். கழுத்து இடது பக்கம் இழுத்திருந்தது. கண்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியபோது கண்ணுக்கு நேரே ரமேஸ் தெரிந்தான். அவனுடைய கழுத்தும் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வேறெங்கும் பார்க்க முடியாததால் அவனையே பார்த்தார். விரல்களின் நடுக்கத்தைப் பார்த்தார். இறுகிப்போன முகத்தைப் பார்த்தார். அந்த முகத்துக்குள்ளிருந்து பயந்துபோய்ப் பார்க்கும் கண்களைப் பார்த்தார். மூன்று மாதமாக இதைத்தானே இவன் அனுபவிக்கிறான், எனக்கு அரைமணியே தாங்கவில்லையே என்று நினைத்தார். வியாழக்கிழமை ஆர்த்திகா போகலாம் என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. வேப்பிலை பட்ட இடத்தைவிட அது அதிகம் எரிந்தது.

கழுத்து தளர்ந்தது. நாக்கு உள்ளே போனது. பக்கத்து நாற்காலியில் ரமேஸின் தலையும் மெல்ல மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. 

பேராசிரியர் தண்ணீர் கேட்கவில்லை, ஒலிவாங்கி கேட்கவில்லை. ரமேஸின் பக்கம் சாய்ந்து, "தம்பி, உமக்கு எவ்வளவு நாளாய் இப்பிடி?" என்றார். அறுபத்திரண்டு கேள்விகளில் இல்லாத கேள்வி.

"மூணு மாசமுங்க" என்றான் ரமேஸ். குரல் குழறியது. "சொன்னா பேய் பேசுதுன்னு அடிக்கிறாங்க."

குமாரசிங்கம் எழுந்து பாக்கியலெட்சுமியிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து ஆறாவது பொட்டலத்தை எடுத்து எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். "இதைப்போல அஞ்சு பொட்டலம் நான் சாப்பிட்டனான். எனக்கு என்ன நடந்தது எண்டு நீங்கள் எல்லாரும் பாத்தியள். சாமி, இது உங்கட கையால மடிச்சது. நீங்கள் இதைச் சாப்பிடுங்கோ."

"எனக்கு இன்னைக்கு வெரதம்."

"திருநீறு வெரதத்தக் கெடுக்காதுங்களே" என்றார் முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர். உண்மையான பக்தர், உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். "சும்மா வாயில போடுங்க சாமி. சந்தேகப்படுறவனுக வாய அடைப்போம்."

சாமி பொட்டலத்தை வாங்கினார். பிரித்தார். பார்த்தார். ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பேராசிரியரின் காதருகே குனிந்து இரகசியமாகப் பேசினார். பேராசிரியரின் கையில் ஒலிவாங்கி உயிரோடு இருந்ததை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்.

"சேர், என்னையக் கொஞ்சம் காப்பாத்துங்க. என்னையத் தெரியலையா? ஜெயகுமார். முந்தி மருந்துக் கம்பனி ரெப்பா ஒங்க ரூமுக்கு எத்தன தடவ சாம்பிளோட வந்திருக்கேன். ஒங்க லெக்சரெல்லாம் பின்னால ஒக்காந்து கேட்டிருக்கேன். எந்த நோய்க்கு எவ்வளவுன்னு எல்லாம் நீங்க சொன்னதுதான்."

அது பந்தல் முழுக்கக் கேட்டது. கீழே தொழிலாளர் லயங்கள் வரைக்கும் கேட்டது.

கேட்டுவிட்டது என்று தெரிந்ததும் ஜெயகுமார் குரலை உயர்த்தினார். "சரி, போட்டேன். என்ன தப்பு? மாத்திரைன்னு குடுத்தா துப்புறாங்க, திருநீறுன்னா முழுங்குறாங்க. நல்லாத் தூங்கினாங்கதானே? நீங்களும் அதத்தானே சேர் எழுதுனீங்க. நான் சாம்பல்ல மாத்திரையக் கலந்தேன், நீங்க இங்கிலீசக் கலந்தீங்க."

பேராசிரியர் எத்தனையோ மாநாடுகளில் எதிர்க்கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். அங்கே கேட்டவர்கள் யாரும் அவருடைய விரிவுரையைக் கேட்டு மாத்திரை அரைத்தவர்கள் அல்ல. ஆள் சொன்னதில் பாதி உண்மை.

"நான் எழுதினது பிழை" என்றார். "பாக்காமல் எழுதினன். அதை இந்தச் சனத்துக்கு முன்னால ஒத்துக்கொள்ளுறன். ஆனால் நீர் செய்தது குற்றம். இந்தப் பிள்ளை ஏற்கெனவே மருந்து எடுக்கிறானோ எண்டு கேட்டீரோ? வயித்திலை பிள்ளையோட வந்த பொம்பிளையளுக்கும் இதைத்தானே குடுத்தீர்?"

கூட்டத்தில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அதன்பிறகு அமைதி இருக்கவில்லை. பின்னறைக்குள் போனவர்கள் ஒரு அம்மிக்கல்லையும், வெறுமையான மாத்திரை அட்டைகள் நிறைந்த அரிசிச் சாக்கையும் வெளியே இழுத்து வந்தார்கள். சான்றிதழ் கொடுக்க வந்த வானில் ரமேஸும் அவனுடைய அக்காவும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஜெயகுமாரை அழைத்துப்போகப் பொலிஸ் ஜீப் வந்தது.

ரமேஸ் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். கஞ்சி இறங்கியது, பிறகு சோறு இறங்கியது, பிறகு ஹாலிஎலக் கடைக்கு வேலைக்குப் போனான். வயிற்றில் பிள்ளையோடு இருந்த பெண்ணை ஆர்த்திகா தானே கூட்டிக்கொண்டுபோய்ச் சோதிக்க வைத்தார். பயப்படும்படி ஒன்றும் இல்லை. பேராசிரியர் கட்டுரையை மீளப் பெற்றுக்கொள்வதாக அதை வெளியிட்ட ஆய்விதழுக்கு எழுதினார். அதில் கழுத்து, நாக்கு, வேப்பிலை எதையும் மறைக்கவில்லை. தலைகுனிந்து வாழவேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தார். மாறாக, 'பண்பாடு ஆய்வாளரை ஏமாற்றும் விதம்' பற்றிப் பேசும்படி மூன்று நாடுகளிலிருந்து அழைப்பு வந்தது. மூன்றையும் மறுத்துவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் பதுளையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். பேனாவை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுக் கேட்கிறார் என்று கேள்வி.

ஆனால் லயங்களில் கதை வேறு விதமாகப் பரவியது. ஜெயகுமார் ஒலிவாங்கியில் சொன்னதை எல்லோரும் கேட்டார்களே. எல்லாம் பேராசிரியரிடம் கற்றது. அப்படியானால் சாமிக்கே குரு இவர்தானே. விழாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் விடுதிக் கதவைத் திறந்த குமாரசிங்கம், படியில் முப்பது பேர் எலுமிச்சம்பழத்தோடு நிற்பதைக் கண்டார். சேவலும் வந்திருந்தது.

"என்னட்டை ஒரு அருளும் இல்லை" என்றார். "நான் உங்களைவிட மோசமாய் ஏமாந்தவன். நீங்கள் படிக்காமல் ஏமாந்தியள், நான் படிச்சுப்போட்டு ஏமாந்தன். ஆருக்கும் வருத்தமெண்டால் உள்ளை வந்து இருங்கோ, என்ன செய்யுது எண்டு சொல்லுங்கோ, பாக்கிறன். காணிக்கை வேண்டாம்."

"பெரிய குருமாரு அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம். "நம்மளச் சோதிக்கிறாரு."

பேராசிரியர் நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னார்: "சாமி பொட்டலம் தந்தாலும் சரி, நான் புத்தகம் தந்தாலும் சரி, உள்ளுக்கை என்ன இருக்கெண்டு பிரிச்சுப் பாக்காமல் விழுங்காதேங்கோ. முதல்லை யோசியுங்கோ. நான் சொல்லுற மருந்து அதுதான்."

எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். சேவல் வைத்திருந்தவர் இன்னும் ஒரு அடி முன்னால் வந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"யோசிக்கிறது, சாப்பாட்டுக்கு முந்தியாங்க, பிந்தியாங்க?"

"முந்தி" என்றார் பேராசிரியர். "எதையும் வாயிலை போட முந்தி."